எதிர்வீட்டு ராசி

வேலியையும் புல்லையும் வைத்து வெள்ளைக்காரர்கள் சொல்லும் அந்தப் பழமொழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கன்னியர் பள்ளிக்கூடத்து சிஸ்டர். அதை நடத்திக் காட்டியவர்கள் என் அம்மாவும் எதிர்வீட்டுப் பெரியம்மாவும். பழமொழி இன்னதென்று நான் இங்கே எழுதப்போவதில்லை. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த எல்லாருக்கும் அது தெரியும். மிதிக்காதவர்களுக்காகச் சொன்னால், அடுத்தவர் பக்கத்தில் இருப்பதெல்லாம் நம்மிடம் இருப்பதைவிட மேலாகத் தெரியும் என்பதுதான் விஷயம். இதைச் சொல்ல ஒரு வேலி எதற்கு, புல் எதற்கு என்று அம்மா பிற்பாடு கேட்டாள். 

அப்போது நாங்கள் பினாங்கில், துறைமுகத்துக்கு நடந்துபோகிற தூரத்தில், ஒரு குறுகலான தெருவில் குடியிருந்தோம். அப்பா அரிசிக் கிடங்கில் கணக்கு எழுதுகிற கிராணி. தெருவின் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய மாடிவீடுகள். எல்லாம் ஒரே சீன முதலாளிக்கு, நாங்கள் தவுக்கே என்று சொல்கிறவருக்கு, சொந்தம். ஒரே மாதிரி ஓடு, ஒரே மாதிரி பச்சை ஜன்னல், ஒரே மாதிரி கதவு. ஏதோ யோசனையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒருநாள் நான் வேறு யார் வீட்டிலோ நுழைந்து, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். அவர்களும் போட்டார்கள்.

அம்மாவின் கவலையெல்லாம் என் அக்காவைப் பற்றி. அக்காவுக்கு இருபது வயது முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது, தெருவே சேர்ந்து பெருமூச்சு விடுகிற வயது. தைப்பிங்கிலிருந்து வந்தவர்கள் கேசரியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். சுங்கைப்பட்டாணியிலிருந்து வந்தவர்கள் ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள், இன்னும் ஊர்போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. கூலிமிலிருந்து வருவதாகச் சொன்னவர்கள் வரவேயில்லை. அம்மா கேட்டதோ பெரிய சீமான் வீட்டுப் பிள்ளையை அல்ல. மாப்பிள்ளை உட்கார்ந்து வேலை பார்க்கிறவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் உட்காருகிற நாற்காலி சர்க்கார் நாற்காலியாக இருந்தால் இன்னும் நல்லது.

எங்களுக்கு நேர் எதிர்வீட்டில் பெரியம்மா இருந்தார். உறவுக்காரர் இல்லை. அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எங்களுக்குப் பெரியம்மா. அவர் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பாதி ரங்கூன் பக்கம் இருப்பார். நான்கு பெண்கள். மூத்த மூவருக்கும் வந்த முதல் இடத்திலேயே கல்யாணம் முடிந்துவிட்டது. நாலாவது என் வகுப்புத் தோழி. பெரியம்மாவின் தம்பியும் அவர்களோடு இருந்தார். நாங்கள் அவரை மாமா என்போம். டிராலி பஸ்ஸில் கண்டக்டர். பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும்போது மட்டும் மணியை ஒரு தடவை கூடுதலாக அடிப்பார். அது பஸ் விதிகளில் ஒன்றாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற ஆள் என்பதால் அம்மாவின் கண்ணுக்கு அவர் ஆள் உயரத்துக்கு நின்றும் தெரியவில்லை.

மூன்று பெண்களைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் அனுப்பிவைத்தது அந்த எதிர்வீட்டின் ராசி என்று அம்மா தீர்மானமாக நம்பினாள். பெரியம்மாவுக்கோ எங்கள் வீட்டின்மேல் ஒரு கண். அக்காவும் நானும் பட்டர்வொர்த்தில் பிறந்தவர்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு வரிசையாக மூன்று தம்பிகள். நாலு பெண்களைப் பெற்ற பெரியம்மா, பல வருஷம் கழித்து அப்போது மறுபடி முழுகாமல் இருந்தார். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இது என்ன கூத்து என்று வெட்கப்பட்டுக்கொண்டே, இந்தத் தடவையாவது ஆண்பிள்ளை வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஒருநாள் காலையில் மீன்காரர் தோளில் சுமந்துவந்த காண்டாக் கூடைகளைத் தெரு நடுவில் இறக்கியபோது இருவரும் ஒரே கெளுத்தியைப் பிடித்தார்கள். பேச்சு அப்படித் தொடங்கியது.

“நீங்க எடுத்துக்குங்கக்கா. உங்க கைக்குத்தான் எல்லாம் சேருது. மீனும் சரி, மாப்பிள்ளையும் சரி.”

“என் கையில என்ன தங்கச்சி இருக்குது. எல்லாம் வீட்டு ராசி. உன் வீட்ல கால் வச்சா ஆம்பளப்பிள்ளை. என் வீட்ல மாட்டியிருக்கிற சாமிப் படம்கூட அத்தனையும் பொம்பளசாமி.”

“அப்ப ஒன்னு செய்வோமாக்கா” என்றாள் அம்மா. அவள் குரல் திடீரென்று தணிந்துபோனது. மீன்காரர் மலாய்க்காரர், இருந்தாலும் அம்மா அவர் காதில் விழக்கூடாது என்று பார்த்தாள்.

அந்தக் கெளுத்தி விற்றதா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. வீட்டை மாற்றிக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. ஆண்களுக்குச் சாயங்காலம்தான் தெரிவிக்கப்பட்டது.

“ஜனங்க சிரிப்பாங்க லா” என்றார் அப்பா.

“சிரிக்கிறவங்களா வந்து நம்ம பொண்ணைக் கட்டிக்கப் போறாங்க” என்றாள் அம்மா. அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார்.

தவுக்கேயிடம் அப்பாவும் மாமாவும் போனார்கள். கைவைக்காத பனியனோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த தவுக்கே, எந்த வீட்டில் பேய் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாராம். பேய் இல்லை என்றதும் அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. “இனி ரூமா, இத்து ரூமா, சாமா லா” என்றார். இந்த வீடும் அந்த வீடும் ஒன்றுதானப்பா என்று அவர் மலாயில் சொன்னதை, அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தார். சீனருக்கு நம்ம ராசி எப்படித் தெரியும் என்று அம்மா அதை ஒதுக்கிவிட்டாள்.

நல்ல நாள் பார்த்தார்கள். நாலு எட்டு வைத்தால் எதிர்வீடு. ஆனாலும் கௌரவமானவர்கள் வண்டி வைத்துத்தான் வீடு மாறுவார்கள் என்று அம்மா சொல்லிவிட்டதால் ஒரு மாட்டுவண்டி வந்தது. அது தெருவை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. எங்கள் சாமான்களை இந்தப் பக்கம் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள், அவர்களுடையதை அந்தப் பக்கம் ஏற்றி இந்தப் பக்கம் இறக்கினார்கள். சக்கரம் ஒரு சுற்றும் சுற்றவில்லை. மாடு நின்றபடியே அசைபோட்டு முடித்தது. வண்டிக்காரர் முழுக் கூலியும் வாங்கிக்கொண்டார், சிரிக்காமல் வாங்கிக்கொண்டார் என்பதுதான் ஆச்சரியம்.

பால் காய்ச்சுவதற்கு முன் விளக்கைக் கொண்டுபோக வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து அக்கா குத்துவிளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். பெரியம்மாவால் கனம் தூக்க முடியாது என்பதால் அவர்கள் விளக்கை மாமா தூக்கிக்கொண்டு வந்தார். நடுத்தெருவில் இருவரும் நேருக்கு நேர் வந்து நின்றுவிட்டார்கள். அக்கா வலப்பக்கம் ஒதுங்கினால் மாமாவும் அதே பக்கம் ஒதுங்கினார். இவள் இந்தப் பக்கம் வந்தால் அவரும் இந்தப் பக்கம் வந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, அங்கே என்னடி கும்மி என்று அம்மா வாசலிலிருந்து சத்தம்போட்ட பிறகுதான் இருவருக்கும் வழி கிடைத்தது.

முதல் சில நாள் அம்மாவுக்கு எல்லாம் பிடித்திருந்தது. குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது என்றாள், காற்று நன்றாக வருகிறது என்றாள். அப்புறம் காலை வெயில் முகத்தில் அடிப்பது தெரிந்தது. பக்கத்து வீட்டு அடுப்புப் புகை நம் சமையலறைக்கே வருகிறது என்பது தெரிந்தது. மாடி ஜன்னலில் நின்று பழைய வீட்டைப் பார்த்தால் அது எவ்வளவு லட்சணமான வீடு என்பதும் தெரிந்தது. எதிர்ஜன்னலில் பெரியம்மா இதேபோல நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் பார்வையைத் திருப்பிக்கொண்டு குழந்தைகளைத் திட்டினார்கள்.

அதற்குப் பிறகு அம்மா நிலைப்படியில் ஆணி ஓட்டைகளைக் கண்டுபிடித்தாள். அங்கே ஒரு லாடம் அடித்திருந்தது. பெரியம்மா போகும்போது அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள். ராசி முழுக்க அந்த லாடத்தில்தானே இருந்திருக்கும், வெறும் வீட்டையல்லவா நம் தலையில் கட்டிவிட்டார்கள். கேட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினாள். பெரியம்மா உத்தரத்தைக் காட்டினார். அங்கே தொட்டில் கொக்கி இருந்த இடம் காலியாக இருந்தது. மூன்று தம்பிகளும் சாரோங் தொட்டிலில் ஆடிய கொக்கி அது. நல்ல இரும்பாயிற்றே என்று அம்மா அப்பாவை ஏணியில் ஏற்றிக் கழற்றி எடுத்து வந்திருந்தாள்.

“லாடம் எங்க அம்மா குடுத்த சீதனம்னு சொல்லு” என்றார் பெரியம்மா.

“கொக்கி உங்க அப்பா சம்பாத்தியம்னு சொல்லு” என்றாள் அம்மா.

நானும் என் தோழியும் இந்தச் சேதிகளைச் சுமந்துகொண்டு தெருவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தோம். கடைசியில் லாடத்துக்குக் கொக்கி என்று சமாதானம் ஆனது. மாமா தம் ஓய்வு நாளில் சுத்தியலோடு வந்து லாடத்தை அடித்துக்கொடுத்தார். முக்காலியைப் பிடித்துக்கொள்ள அம்மா அக்காவை அனுப்பினாள். ஒரு லாடம் அடிக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மரம் ரொம்பக் கெட்டி என்றார் மாமா. ஆமாம், ரொம்பக் கெட்டிதான் என்றாள் அக்கா.

சிஸ்டர் அந்தப் பழமொழியைக் கரும்பலகையில் எழுதியது அந்த வாரத்தில்தான். பொருளைச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றார். மற்றப் பெண்கள் பொம்மை, சட்டை, சைக்கிள் என்று ஏதேதோ சொன்னார்கள். நான் எழுந்து எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வண்டி, மாடு, லாடம், கொக்கி எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். இதைவிட நல்ல உதாரணம் இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை என்றார். என் தோழி மட்டும் அன்றெல்லாம் என்னோடு பேசவில்லை.

பெருமை தாங்காமல் நான் அதை வீட்டில் வந்து அம்மாவுக்கும் விளக்கினேன். அம்மா வெங்காயம் உரித்தபடியே முழுவதையும் கேட்டாள்.

“புல்லு பச்சையா இருக்குதா காஞ்சு கிடக்குதான்னு மாடு வச்சிருக்கிறவங்க பார்க்கட்டும். எனக்கு ஒரு பொண்ணுதான் வீட்ல நிக்குது” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தினால் என்று நினைத்தேன்.

லாடம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்றே சீக்கிரம் தோன்றியது. ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்தது. சர்வே ஆபீசில் கிராணி, சர்க்கார் நாற்காலி. தரகர் எல்லாம் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பெண்பார்க்க வருவதாகச் செய்தி அனுப்பினார். ரயிலில் பிறை ஸ்டேஷனுக்கு வந்து, ஃபெரியில் ஏறி இந்தக் கரைக்கு வந்து, அங்கிருந்து பஸ். இதுவும் தட்டிப்போனால் இனி இந்தத் தீபகற்பத்திலேயே கேட்க ஆள் இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடவில்லை. அக்காவுக்கு அரக்குப் புடவை கட்டி, பூ வைத்து, பிசாங் கோரேங் என்கிற வாழைப்பழப் பஜ்ஜி சுட்டு, கேசரி கிளறி, அப்பாவின் கோட்டைத் தட்டி மாட்டிவைத்துக் காத்திருந்தோம்.

வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன், அவருடைய அம்மா, அப்பா, ஒரு சித்தப்பா, பழக்கூடை. தெருவில் நடந்து வந்து, நாங்கள் எல்லாரும் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நேராக எதிர்வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

எங்கள் ஜனத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குள் வந்தவரை, குடிக்க ஏதாவது கொடுக்கும்முன் யார் நீங்கள் என்று கேட்கக்கூடாது. பெரியம்மா அந்த வழக்கத்தில் கெட்டிக்காரர். மூன்றாவது மருமகன் பக்கத்து ஆட்களாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வரவேற்று உட்காரவைத்தார், காப்பி போடப்போனார். அங்கே நடந்ததை என் தோழி பிறகு எனக்கு நடித்துக் காட்டினாள். பிள்ளையின் அம்மா, பெரியம்மாவின் வயிற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு அவசரமாகக் கூரையைப் பார்த்திருக்கிறார். அப்புறம், “பொண்ணைக் கூப்பிடுங்களேன்” என்றிருக்கிறார். பெரியம்மா என் தோழியைக் கூப்பிட்டார். அவள் பாதி கடித்த கொய்யாக்காயோடு வந்து நின்றாள்.

“இதுவா?”

“இதான் நாலாவது. மத்ததெல்லாம் கட்டிக்குடுத்தாச்சு” என்று பெரியம்மா பூரிப்போடு சொன்னாராம்.

இந்தப் பக்கம் அம்மா துடித்துக்கொண்டிருந்தாள். பெண்ணைப் பெற்றவர்கள் நடுத்தெருவில் ஓடி, மாப்பிள்ளை இங்கே வாங்க என்று கையைப் பிடித்து இழுக்க முடியுமா. அப்படியே விட்டுவிடத்தான் முடியுமா. அப்பா போகலாம் என்று முடிவாகி, அவர் கோட்டை மாட்டி, பொத்தானைத் தப்பாகப் போட்டு, கழற்றி மறுபடி போட்டுப் போய்ச் சேர்வதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது. பெண்பார்க்க வந்த அன்றே வீடு மாறிக் கால்வைத்தது நல்ல சகுனமாக இல்லை, ராகுகாலத்தில் இன்னொரு வாசலை மிதிக்கவும் மாட்டோம், ஃபெரிக்கு நேரமாகிறது என்று பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். பழக்கூடையைக்கூட எதிர்வீட்டில்தான் வைத்துவிட்டுப் போனார்கள். தரகர் பழைய அடையாளத்தைச் சொல்லித் தொலைத்திருப்பார் என்று அப்பா சொன்னார்.

அம்மா கேட்கவில்லை. “வந்த மாப்பிள்ளையையும் உள்ள இழுத்துக்கிட்டாளே” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் அழுகை வந்தது. தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். அக்கா மட்டும் எல்லாருக்கும் தட்டில் கேசரி வைத்துக் கொடுத்துவிட்டு, தானும் கொஞ்சம் சாப்பிட்டாள். அன்று முதல் எங்கள் தெருப்பக்கத்து ஜன்னல்கள் மூடிக்கொண்டன. எதிர்ஜன்னல்களும் மூடிக்கொண்டன.

பெரியம்மாவுக்கு வலி கண்டது ஒரு மழை நாளின் பிற்பகலில். கப்பல்காரர் கடலில். மாமா பஸ்ஸில். மருத்துவச்சிக்கு ஆள் போயிருந்தது, வெள்ளம் ஏறிய தெருக்களைத் தாண்டி அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை. என் தோழி நனைந்துகொண்டு ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டினாள். அம்மா குடையைக்கூட எடுக்காமல் தெருவைக் கடந்து போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். என்னை மாடிப்படியிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். பேச்சு மட்டும் கேட்டது.

“அந்த ஆளுங்க யாருன்னே எனக்குத் தெரியாது தங்கச்சி. சத்தியமா தெரியாது.”

“சரிக்கா, இப்ப எதுக்கு அது.”

“நான் பொழைக்கிறேனோ இல்லையோ. என் தம்பிக்கு உன் பொண்ணைக் குடுக்கிறேன்னு சொல்லு. அவன் கேட்கச் சொல்லி என் உயிரை எடுக்கிறான்.”

“குடுக்கிறேன், குடுக்கிறேன். முதல்ல நீங்க மூச்சை விடுங்க.”

மருத்துவச்சி வருவதற்கும் குழந்தை அழுவதற்கும் சரியாக இருந்தது. ஆண்குழந்தை. அம்மா வெளியே வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு. தான் என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது, கைகழுவிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.  பிள்ளை பெறுகிறவளிடம் சொன்ன சொல்லை மாற்றக்கூடாது என்று கடைசியில் அவளே சொன்னாள். நின்று வேலை பார்க்கிறவருக்குக் கால் நல்ல பலமாக இருக்கும் என்றும் சொன்னாள்.

இரண்டு பேர் நம்பிக்கையும் பலித்துவிட்டது. எங்கள் பழைய வீட்டில் பெரியம்மாவுக்கு ஆண்பிள்ளை, அவர்கள் பழைய வீட்டிலிருந்து அக்காவுக்குக் கல்யாணம். லாடத்தையும் கொக்கியையும் இருவரும் தெருவுக்கே காட்டினார்கள். நான் சிஸ்டரிடம் போய், அந்தப் பழமொழி பினாங்குக்குப் பொருந்தவில்லை என்று மரியாதையாகத் தெரிவித்தேன். சிஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதை இன்னொரு தடவை அழகான கையெழுத்தில் எழுதிவரச் சொன்னார்.

கல்யாணம் முடிந்து அக்கா மாமாவோடு புகுந்த வீட்டுக்குப் போனாள். அது அவள் வளர்ந்த அதே வீடு, அவள் படுத்திருந்த அதே அறை. இதற்காகவா அந்த மாட்டுவண்டி என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார்.

ஒன்றை மட்டும் நான் அப்போது அம்மாவிடம் சொல்லவில்லை. ஈப்போக்காரர்கள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, தெருமுனையைப் பார்த்துச் சொல்ல என்னை மாடி ஜன்னலில் நிறுத்தியிருந்தார்கள். அக்கா என் பின்னால் நின்று எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பஸ் நின்றது, அவர்கள் இறங்கினார்கள், பழக்கூடை வைத்திருந்தவர் கண்டக்டரிடம் வழி கேட்டார். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டுக்கொண்டார். நிமிர்ந்து எங்கள் ஜன்னலை ஒரு முறை பார்த்தார். பிறகு கையை நீட்டி எதிர்வீட்டைக் காட்டினார். அவரே குடியிருக்கிற வீட்டை.

“ஐயோ பாவம்க்கா மாமா. நாம இன்னும் அந்த வீட்லயே இருக்கோம்னு நெனச்சுக்கிட்டாரு” என்றேன்.

“ஆமாடி, மறந்துட்டாரு போல. அம்மாகிட்ட சொல்லாத. திட்டுவாங்க” என்றாள் அக்கா. அவள் விரல்கள் சடையில் நின்றுபோய், பிறகு மெதுவாகத் திரும்பப் பின்னத் தொடங்கின.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தான் எந்த வீட்டில் இருக்கிறோம் என்றே நினைவில்லாத ஒரு மறதிக்காரருக்குப் போய் என் அக்காவைக் கொடுக்கிறார்களே என்று கல்யாணத்தன்று நான் விம்மி விம்மி அழுதேன். அக்காவைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டு, வந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைத் தேற்றினார்கள்.